டைனோசருக்குக் குளிருமா?

போன ஆடியில் ஒரு பையரிடமிருந்து பதினெட்டுப் பக்க பிடிஎஃப் ஒன்று வந்தது. கரூரில் வீட்டு ஜவுளி ஏற்றுமதியில் மெர்ச்சண்டைசராக இருப்பவர்களுக்கு இது புதிதில்லை. அடுத்த சீசனுக்கு எந்த மாதிரிப் போர்வை, குஷன் கவர், மேசைவிரிப்பு வேண்டும் என்பதை வெளிநாட்டுக் கடைக்காரர்கள் வாயால் சொல்ல மாட்டார்கள். எங்கெங்கிருந்தோ எடுத்த படங்களை ஒட்டி அனுப்பிவிடுவார்கள். ஒரு கடற்கரை, காய்ந்த பூ, யாரோ ஒருவர் வீட்டுப் பழைய சமையலறை. மூட் போர்டு என்று பெயர். படத்தில் இருப்பது யாருடையது என்று அவர்களும் சொல்வதில்லை, நாங்களும் கேட்பதில்லை. அந்தப் பிடிஎஃப்பின் நடுவில் ஒரு சின்னத் துணியின் படம் இருந்தது. வெளுத்த துணி, கையால் தைத்த எழுத்து ஒரு வரி. கீழே பையரின் குறிப்பு: இதே ‘ஃபீல்’ வேண்டும், த்ரோவிலும் (சோபாமேல் போடுகிற சின்னப் போர்வை) குஷனிலும் வர வேண்டும், வாசகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், நல்ல கனவு வரட்டும் என்பதுபோல ஏதாவது. விலை எவ்வளவு?

எம்ப்ராய்டரிக்கு விலை போடுவது எளிது. ஆயிரம் தையலுக்கு இவ்வளவு என்று கணக்கு. படத்தைப் பஞ்சிங் பண்ணுகிற பையனிடம் கொடுத்தால் கம்ப்யூட்டரில் போட்டு மொத்தம் எத்தனை தையல் என்று சொல்லிவிடுவான். அன்றைக்கு அவன் தலையைச் சொறிந்தான். “நேரா வேணும்னா அரை மணி நேரத்துல முடிச்சுருவேன். இந்தக் கோணல் அப்படியே வேணும்னா ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியா கெடுக்கணும்” என்றான். சரிதான். மிஷினுக்கு ஒழுங்கு சும்மா வரும், கோணலுக்குத்தான் கூலி.

பிரிண்ட் எடுத்த தாளைச் செக்கிங் டேபிளுக்குக் கொண்டுபோனேன். அங்கே ஒரு அக்கா இருக்கிறார். முப்பது வருஷமாகத் துணி பார்க்கிறவர். நூல் அறுந்த இடம், எண்ணெய்க் கறை, ஓரம் அடித்ததில் ஒரு தையல் தவறியது, எதுவும் அவர் கையைத் தாண்டிப் போகாது. இதை அப்ரூவ் பண்ணுவீங்களா என்று விளையாட்டாகத்தான் கேட்டேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். “ஏந்தம்பி, இது படுத்துக்கிட்டுத் தச்சதுங்க” என்றார்.

எப்படி என்றேன். “உக்காந்து தச்சா கை மடிமேல இருக்கும், எழுத்து ஒரே மட்டத்துல போகும். இது முடியப் போகப் போகக் கீழ சரியுது பாருங்க. நூலும் ஒரு பக்கம் இறுக்கம், ஒரு பக்கம் தொளதொளன்னு. மல்லாந்து படுத்துக்கிட்டு நெஞ்சுமேல துணிய வெச்சுத் தச்சா இப்படித்தான் வரும். எம்பொண்ணு பிரசவத்துக்கு வந்து பெட்ரெஸ்ட்ல கெடந்தப்ப தச்சது இப்படித்தான் இருந்துச்சு.”

அந்தத் தாளை அன்று வீட்டுக்கு எடுத்துப் போனேன். அப்புறம் அதை விட முடியவில்லை.

சிவப்பணுக்கள்

படத்தைப் போனில் தேடிப் பார்த்ததில் பெயர் கிடைத்தது. ஃபெலிசியானோ சென்டூரியோன். 1962இல் பராகுவேயின் தெற்கே சான் இக்னாசியோ என்ற ஊரில் பிறந்தவர். பிறகு எல்லை தாண்டி அர்ஜென்டினா வந்து, புவெனோஸ் ஐரிஸில் ஓவியம் படித்து, அங்கேயே 1996 நவம்பரில் எய்ட்ஸால் இறந்தவர். வயது 34. அந்த வாசகம் ஸ்பானிஷ். தமிழில் சொன்னால், ‘என் சிவப்பணுக்கள் கூடுகின்றன’. கடைசி வருஷத்தில் தைத்தது. இன்னொரு துணியில் ‘என் நோய்க்கு நான் பழகிக்கொள்கிறேன்’ என்று தைத்திருக்கிறார். பிளட் ரிப்போர்ட்டில் வரும் வரியை ஒருவன் உட்கார்ந்து, அல்லது அக்கா சொன்னதுபோலப் படுத்து, ஊசியால் எழுதியிருக்கிறான். அதன் இடத்தில்தான் நல்ல கனவு வரட்டும் என்று போடச் சொல்கிறார்கள்.

அவர் படுத்துத்தான் தைத்தாரா என்பதற்கு என்னிடம் சாட்சி இல்லை. ஆனால் உடம்பு தளரத் தளர அவருடைய வேலைகள் சிறியதாகிக்கொண்டே வந்தன. ஆரம்பத்தில் கட்டிலையே மூடுகிற போர்வைகள். கடைத்தெருவில் குவித்துப் போட்டு விற்கிற மலிவான கம்பளிப் போர்வைகளை வாங்கி, அவற்றின் மேலேயே பெயின்ட் அடித்தார். முதலை, ஆற்றுக் கெளுத்தி என்று தன் ஊர் நதிகளில் உள்ளவை. போர்வையில் ஏற்கெனவே இருக்கிற கோடும் பூவும் அழியாது, அதற்கு நடுவே முதலை படுத்திருக்கும். கடைசியில் மடியில் அடங்குகிற துண்டுத் துணிகள், சின்னத் தலையணைகள். என் தொழில் புத்தி முதலில் பார்த்தது போர்வையின் ரகத்தைத்தான். நாங்கள் செகண்ட்ஸ் என்று ஒதுக்கி எடை போட்டு விற்கிற சரக்கு. ஏழை வீடுகளுக்குப் போவது. கேன்வாஸ் வாங்கக் காசில்லாமல் அதை எடுத்தார் என்று நான் நினைக்கவில்லை. போர்வை ஏற்கெனவே ஒரு வேலை தெரிந்த பொருள், அதனால் எடுத்திருப்பார்.

அந்தக் காலத்தில் அவரும் அவர் கூட்டாளிகளும் காட்சி வைத்த இடம் புவெனோஸ் ஐரிஸ் பல்கலைக்கழகத்தின் ரோஹாஸ் பண்பாட்டு மையம். 1989இல் தொடங்கிய அதன் சிறிய காட்சிக்கூடத்தை நடத்தியவர் கூமியெர் மாயெர். ராணுவ ஆட்சி முடிந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. அந்த ஆட்சியில் காணாமல்போனவர்களைப் பற்றிக் கனமான கலை வர வேண்டிய நேரத்தில் இவர்கள் லேஸ், மணி, பிளாஸ்டிக் பூ என்று விளையாடுகிறார்கள் என்ற கோபம் பலருக்கு. ‘லைட்’ கலை என்று ஒரு விமர்சகர் பெயர் வைத்தார். அது ஒட்டிக்கொண்டது. கனம் என்றால் எங்களுக்கு ஜிஎஸ்எம், ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது. லைட் என்று ஒரு பையர் சொன்னால் அது குறையில்லை, எந்த ஊர்க் குளிருக்கு என்று கேட்டுக்கொள்வோம். அந்த விமர்சகர் அதைக் கேட்டிருக்கலாம்.

எண்கள்

சென்டூரியோனின் ஊரைப் பற்றிப் படித்துக்கொண்டு போனபோது ஒரு எண் இடறியது. 1959 செப்டம்பர் 1 அன்று பராகுவேயின் தலைநகர் அசுன்சியோனில் பெர்னார்தோ அராந்தா என்ற வானொலி அறிவிப்பாளர் தீயில் கருகி இறந்தார். சர்வாதிகாரி ஸ்ட்ரோஸ்னரின் போலீஸ், கொலையாளியைத் தேடுகிறோம் என்று சொல்லிக்கொண்டு, ஆண்களை விரும்புகிற ஆண்கள் என்று சந்தேகப்பட்ட 108 பேரைப் பிடித்துப்போனது. பெயர்ப்பட்டியல் ஊரெல்லாம் சுற்றியது. அன்றிலிருந்து அந்த நாட்டில் 108 ஒரு வசை. வீட்டு எண்ணாகக்கூட அதை வேண்டாம் என்று தவிர்த்தார்கள். சென்டூரியோன் பிறந்தது அதற்கு மூன்று வருஷம் கழித்து, அந்த எண் சூடாறாத ஊரில். வீட்டில் அம்மாவும் பாட்டியும் தைத்தார்கள், இவனும் கூட உட்கார்ந்து தைத்தான்.

நமக்கு 108 என்றால் அர்ச்சனை, திவ்யதேசம், ஆம்புலன்ஸ். நம்முடைய வசைக்கு வேறு எண். ஆறாம் வகுப்பில் பையில் ஒரு கைக்குட்டையும் எம்ப்ராய்டரி ஃப்ரேமும் இருந்ததற்காக என்னை அந்த எண்ணால் கூப்பிட்டார்கள். அட்டெண்டன்ஸில் என் எண் 8 என்பது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் என்று அப்போது நினைத்தேன். 9 ஆக இருந்தவன் பாவம், சம்பந்தமே இல்லாமல் வருஷம் முழுக்க அடிவாங்கினான். மற்றதெல்லாம் என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், மறுபடி எழுதப் போவதில்லை. எண்களுக்கு மட்டும் ஏன் இந்த வேலை கொடுக்கிறோம் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பெயர் சொன்னால் வாய் கூசும், எண் சொன்னால் கணக்குப்போல ஆகிவிடும் என்பதாலோ என்னவோ.

பராகுவேயில் ஞாந்துத்தி என்றொரு பின்னல் உண்டு. குவாரனி மொழியில் சிலந்திவலை என்று பொருள். (முதல் எழுத்துக்கு ஆங்கிலம் தடுமாறும், நமக்கு ஞ இருக்கிறது.) இதவுகுவா என்ற ஊர் அதற்குப் பேர்போனது. சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, அதன்மேல் வட்டம் வரைந்து, நடுவிலிருந்து சைக்கிள் சக்கரக் கம்பிபோல நூல்களை ஓட்டி, அந்தக் கம்பிகளுக்கு இடையே ஊசியால் நெய்துகொண்டே போவார்கள். முடிந்ததும் கஞ்சி போட்டு விறைப்பாக்கி, அடித்துணியை வெட்டி எடுத்துவிடுவார்கள். பிடித்துக்கொண்டிருந்த துணி போய்விடும், வலை நிற்கும். ஸ்பானியர்கள் கொண்டுவந்த வேலைதான் மூலம் என்கிறார்கள். ஊர்க்கதை வேறு சொல்கிறது. தான் விரும்பியவளுக்கு யாரும் தந்திராத பொருளைத் தர ஒருவன் காட்டுக்குள் போனான். மரத்தில் பனி பூத்த சிலந்திவலை. ஆசையாகக் கை வைத்தான், கையோடு அறுந்துபோனது. வெறுங்கையோடு வந்து சோர்ந்து உட்கார்ந்தவனைப் பார்த்த அம்மா, தானே காட்டுக்குப் போய்ச் சிலந்தி எப்படிப் பின்னுகிறது என்று உட்கார்ந்து பார்த்தாள். நூலுக்கு எங்கே போவது? தன் நரைமுடியைப் பிடுங்கிப் பின்னினாள்.

இந்தக் கதைக்கு வேறு வடிவங்களும் உண்டு, எனக்கு இந்த நரைமுடி போதும். சென்டூரியோன் தன் போர்வைகளில் ஞாந்துத்தி வட்டங்களை வைத்துத் தைத்திருக்கிறார். காதலைப் பற்றிய கதையில் கடைசி வரை உட்கார்ந்து வேலை செய்கிறவள் அம்மா என்பதை அவர் கவனிக்காமல் இருந்திருக்க மாட்டார்.

மயிலும் டிவி கவரும்

அவர் செய்தவற்றில் எனக்கு மறக்க முடியாதது போர்வை இல்லை. குழந்தைகள் விளையாடுகிற பிளாஸ்டிக் டைனோசர்கள். கடையில் கிலோ கணக்கில் கிடைக்கிற பொம்மை. அவற்றுக்குக் குரோஷாவில் சட்டை பின்னிப் போட்டிருக்கிறார். கழுத்துக்கு, நாலு காலுக்கு, வாலுக்கு என்று அளவெடுத்த சட்டை. பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற மிருகம், மேலே பாட்டி வீட்டு நூல்வேலை. முதலில் சிரித்தேன். நண்பர் ஒருவருக்கு அனுப்பினேன். “இதெல்லாம் ஆர்ட்டா? எங்க சித்தி டிவிக்கே ஸ்வெட்டர் போட்டவங்க” என்று பதில் வந்தது.

அதற்கு ஒரு மணி நேரம் வாதாடினேன். வாதாடி முடித்த பிறகுதான் நண்பர் சொன்னதே சரி என்று தோன்றியது. நம் வீடுகளில் எதற்கெல்லாம் உறை தைத்தோம் என்று எண்ணிப் பாருங்கள். டிவிக்கு ஓரத்தில் ஃப்ரில் வைத்த கவர். மிக்ஸிக்கு. ஃப்ரிட்ஜின் கைப்பிடிக்கு. தண்ணீர்க் குடத்தின் மூடிக்கு. தூசிக்காக என்று சொல்வார்கள். தூசிக்காக என்றால் பழைய துண்டு போதும், அதில் இரண்டு கிளியும் ஒரு ரோஜாவும் எதற்கு? குளிராத பொருளுக்கு உடுத்திவிடுவது நமக்குப் பழைய பழக்கம். பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்த கதையைத் தமிழ் வாத்தியார் சொன்னபோது வகுப்பே சிரித்தது. மயில் ஆடியதைக் குளிரில் நடுங்குகிறது என்று நினைத்துவிட்டான், மயில் அதைப் போர்த்திக்கொள்ளுமா என்றுகூட யோசிக்காத ராஜா. வாத்தியார் சிரிக்கவில்லை. இதற்குக் கொடைமடம் என்று பேர்டா என்றார். தேவையா, பயன்படுமா என்று பார்க்காமல் கொடுத்துவிடுகிற மடமை. நம்முடைய பழைய புலவர்கள் அதைக் குறையாகச் சொல்லவில்லை, அவனுக்குப் பெருமையாகத்தான் சொன்னார்கள். அதே பேகன் தன் மனைவி கண்ணகியைத் தவிக்க விட்டுப் போனதையும், கபிலரும் பரணரும் போய் அவளிடம் திரும்பிப் போகச் சொல்லிக் கேட்டதையும் வாத்தியார் அன்று சொல்லவில்லை. அது பாடத்தில் இல்லை. மயிலுக்குத் தெரிந்த கை வீட்டில் இருப்பவளுக்குத் தெரியாமல் போவதும் நடக்கிறது.

2020இல் நியூயார்க்கில் சென்டூரியோனுக்கு ஒரு தனிக்காட்சி வைத்தார்கள், ‘அப்ரீகோ’ என்று பெயர். மேல்கோட்டு என்றும் பொருள், ஒதுங்க ஓர் இடம் என்றும் பொருள். இந்த மாதிரிக் கலையைப் பற்றி எழுதுகிறவர்கள் ‘ஆற்றுப்படுத்துகிறது’, ‘குணமாக்குகிறது’ என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் ஒவ்வாது. குணமாகவில்லை. செத்துப்போனார். அந்த டைனோசர் சட்டையால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆகாது என்று தெரிந்துதான் பின்னியிருப்பார். பயன் கருதிச் செய்கிற பராமரிப்புக்கு நர்ஸ் உண்டு, மாத்திரை உண்டு. பயனில்லை என்று ஆன பிறகும் கை நிற்காமல் செய்கிறதே, அதை என்ன சொல்வது?

டிரான்சிஸ்டர்

இதை எழுதாமல் போகலாம் என்றுதான் இருந்தேன். என் மாமா, அம்மாவின் தம்பி, 1999இல் இறந்தார். பம்பாயில் டெய்லர். உடம்பு முடியாமல் ஊருக்கு வந்தவரை அம்மாயி வீட்டின் பின்னறையில் வைத்திருந்தார்கள். நோயின் பெயரை யாரும் சொல்லவில்லை, ‘அந்த வியாதி’ என்றார்கள். தட்டு தனி, தம்ளர் தனி. கொண்டுபோன பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு வார்டிலிருந்து இன்னொரு வார்டுக்கு அனுப்பிக்கொண்டே இருந்து, கடைசியில் வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். நாட்டில் அந்தக் கிருமியை முதலில் சென்னையில் கண்டுபிடித்து அதற்குள் 13 வருஷம் ஆகியிருந்தது. அரசாங்கம் மாத்திரையை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது 2004 ஏப்ரலில். மாமாவுக்கு ஐந்து வருஷம் தப்பிவிட்டது. சென்டூரியோனுக்கு இன்னும் குறைவு. மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் ஆள் பிழைப்பான் என்று வான்கூவர் மாநாட்டில் உலகத்துக்குச் சொன்னது 1996 ஜூலை. அவர் போனது நவம்பர்.

மாமாவிடம் ஒரு டிரான்சிஸ்டர் இருந்தது. அதன் தோலுறை கிழிந்துபோய்விட்டதால் புதிதாக ஓர் உறை தைத்தார். கட்டிலில் மல்லாந்து, துணியை நெஞ்சில் வைத்துக்கொண்டு. செக்கிங் அக்கா வாயைத் திறந்ததும் எனக்கு வந்தது அந்தக் கைதான், தாளில் இருந்த எழுத்து அப்புறம்தான். பழுப்புக் காடாத் துணி. ஸ்பீக்கர் இருக்கிற பக்கம் வரிசையாக ஓட்டை போட்டு, ஒவ்வொரு ஓட்டையையும் காஜா எடுத்தார். சட்டைப் பட்டன் துளைக்கு எடுக்கிற அதே காஜா, நெருக்கமாக, ஒரு நூலும் பிரியாமல். இருபத்துநாலு ஓட்டை. கண் மங்கியதால் நூல் கோர்க்க வராது. அம்மாயிக்கும் வராது. நான்தான் கோர்த்துக் கொடுத்தேன். ஊசியை அவன் கையில் கொடுக்காதே, அவன் கொடுத்தால் வாங்காதே என்று அம்மா அலறுவாள். அம்மாயி வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, “அவ வரலடா சாமி, நீ கோர்த்துக் குடு” என்பாள். பயந்துகொண்டேதான் கோர்த்தேன். மாமா ஊசியை என் கையில் தர மாட்டார், தலையணையில் குத்திவைப்பார், நான் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். யார் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது என்று தெரியவில்லை.

மாமா யாரை விரும்பினார் என்று நான் கேட்டதில்லை, கேட்கிற வயதும் இல்லை. பம்பாயிலிருந்து ஒருவர் வந்து இரண்டு நாள் இருந்தார். கூட வேலை பார்த்தவர் என்றார்கள். இரவு கட்டிலுக்குக் கீழே தரையில் படுத்தார். மாமா குடித்து மீதி வைத்த காபியை அதே தம்ளரில் அவர் குடித்ததைப் பார்த்தேன். அந்த வீட்டில் அதைச் செய்த ஒரே ஆள்.

மூன்றாம் நாள் காரியம் முடிந்ததும் மாமாவின் துணியெல்லாம் களத்துமேட்டுக்குப் போயிற்று. வேட்டி, தலையணை, பச்சைக் கட்டம் போட்ட சென்னிமலைப் போர்வை. பருத்தி சட்டென்று பற்றிக்கொள்ளும், சுடர் அடங்கிய பிறகும் கனன்று கனன்று கருகும். சாயங்காலம் வரை புகை வந்துகொண்டே இருந்தது. டிரான்சிஸ்டர் உறையை யாரும் எடுத்துப் போகவில்லை. அதுவும் அவர் கை பட்ட துணிதான், ஆனால் ரேடியோ போட்டிருந்ததால் அது துணி என்று யாருக்கும் தோன்றவில்லை. இப்போது என்னிடம் இருக்கிறது. ரேடியோ இல்லை, உறை மட்டும். தையலைத் திருப்பிப் பார்த்தால், கடைசி நாலு காஜா கொஞ்சம் கீழே சரிந்திருக்கிறது.

அந்த ஆர்டர் வரவில்லை. கோணலுக்கு நாங்கள் சொன்ன விலை பையருக்குக் கட்டுப்படியாகவில்லை. பிரிண்டில் அடித்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். நானும் பெரிதாக மல்லுக்கட்டவில்லை. அந்தப் படத்தை எடுக்காதீர்கள் என்று ஒரு மெயில் எழுதி, அனுப்பாமல் டிராஃப்டில் வைத்திருக்கிறேன். தைப்பொங்கல் லீவுக்கு முந்தின நாள், கேன்டீனில் டீ குடிக்கும்போது அக்கா தானாகவே கேட்டார். “தம்பி, அன்னிக்கு ஒரு தாள் காட்டுனீங்களே, படுத்துக்கிட்டுத் தச்சது. அது யாருன்னு தெரிஞ்சுதுங்களா?” சொன்னேன். பேரைச் சொன்னேன், ஊரைச் சொன்னேன், என்ன எழுதியிருந்தது என்பதைச் சொன்னேன். நோயையும் சொன்னேன்.

“பொழச்சுக்கிட்டானுங்களா?”

“இல்லீங்கக்கா. அந்த வருசமே.”

அக்கா டீ தம்ளரைக் கீழே வைத்தார். “கூடுதுன்னுதானே எழுதியிருந்தான்” என்றார்.